அடிமணல் கரிக்கிறது

ஆகஸ்ட் 19, செவ்வாய், காலை 10.20. வேதியியல் ஆய்வகத் தூண்களில் விரிசல் பதினேழு. ஐந்தாவது தூணில் உள்ளங்கையளவு உதிர்ந்து, உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. உதிர்ந்த துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். இன்ஜினியர் செய்கிற காரியமில்லை. நீ செய்கிற காரியம். கரித்தது.

நம் பல்கலைக்கழகம் உப்பு மூட்டை அடுக்கும் வாடகைக் கிட்டங்கியில் தொடங்கியதை நாளைய ஆண்டு விழா மலரில் பெருமையாகப் போடுகிறார்கள். அந்தச் சுவரில் சாய்ந்த பிள்ளைகள் முதுகெல்லாம் உப்போடு எழுந்து போவார்கள். "ஊறுகா போடுத யுனிவர்சிட்டிலே இது" என்பாய். அப்போதுதான் முதல் சொந்தக் கட்டடமான இந்த ஆய்வகம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் புது இன்ஜினியர், நீ ஸ்டோர் கீப்பர். இருவருக்கும் வயது இருபத்து மூன்று.

மணல் லாரி வந்தால் அடிவரை கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து நக்குவாய். கரித்தால், உப்பு கம்பியை அரித்துவிடும் என்று லாரி திரும்பிப் போகும். நான் சோதனைக் குப்பிகளோடு நின்று சிரிப்பேன்.

இந்தத் தூண்களுக்குக் கான்கிரீட் போட்ட அன்று வந்த லாரியில் நான் மேலாக அள்ளிச் சோதித்தேன். உப்பு இல்லை. நீ அடியில் அள்ளி, நக்கித் துப்பினாய்.

"ஏலே, மேல ஆத்து மண்ணு. அடியில கடக்கர மண்ணுல்லா போட்டிருக்கான். திருப்பி அனுப்பு."

"உன் நாக்கு என்ன லேபா?"

"உன் குப்பியத்தான் அடியில விட்டுப் பாரேம்லே."

பார்த்திருக்கலாம். சில நிமிஷ வேலை. கான்கிரீட் போட ஆட்கள் காத்து நின்றார்கள், எனக்கு அவசரம். எல்லோர் முன்னாலும் "படிச்சவன் நானா நீயா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் என் கையெழுத்துக்குக் கீழே 'அடிமணல் கரிக்கிறது' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனாய்.

போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. இன்று விரிசல் பற்றிய அறிக்கையை அலுவலகத்தில் கையெழுத்துக்காக என்னிடமே கொடுத்தார்கள், காரணத்தையும் அவர்களே தட்டச்சு செய்து: 'ஸ்டோர் கீப்பரின் கவனக்குறைவு.'

"செத்தவன் சண்டைக்கா வரப்போறான்? கையெழுத்தப் போடும்வே, நாளைக்கு விழா" என்றார் கண்காணிப்பாளர். உன் வாரிசு வேலை கேட்டு உன் மனைவி கொடுத்த மனு அதே மேசையில் கிடக்கிறது. இந்த வரி மேலே போனால், அந்த மனு குப்பைக்குப் போகும்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டால் நீ சிரிப்பாய். அதற்கும் நீ இல்லை. பழைய பதிவேட்டை ஸ்டோரில் தேடி எடுத்துவிட்டேன். இனி செய்யப்போவது:

1. அந்தப் பக்கத்தை அறிக்கையோடு இணைப்பது.
2. காரணம் என்ற இடத்தில் உன் பதவியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவது.
3. ஆய்வகத்தைப் பூட்டச் சொல்வது. விழா நின்றால் நிற்கட்டும்.
4. உன் மனைவியிடம் நானே போய்ச் சொல்வது. கதவைச் சாத்தினால் வெளியே நின்று சொல்வது.
5. என் வேலை மிஞ்சினால், எந்த லாரியிலும் அடியிலிருந்து அள்ளுவது. முதலில் நாக்கு, பிறகு குப்பி.