இருபத்தோரு நாள் தண்ணீர்

அம்மா,

உன் நகைக்கடை பர்ஸில் இருந்து ஒரு அட்டை விழுந்தது. அதைப் பார்த்ததில் இருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

ரேஷன் கார்டில் இருந்து உன் பேரை எடுக்கத் திண்டிவனம் இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். நீ போன பிறகு ஒரு வருஷமாக அப்பா தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்த வேலை அது. கவுண்டரில் இருந்த அக்கா உன் ஆதாரைக் கேட்டார்கள். நான் பர்ஸை அப்படியே கவிழ்த்தேன். ஆதாரோடு, பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய ஒரு அட்டையும் வந்து விழுந்தது.

அக்கா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "உன் போட்டோவா இது?" என்றார்கள்.

ஒரு நொடி நானும் அப்படித்தான் நினைத்தேன். என் நெற்றி, என் காது. பேர் மட்டும் உன்னுடையது. கீழே இருந்த ஆங்கிலத்தை அக்கா படித்துச் சொன்னார்கள். ஒப்பந்தத் தொழிலாளி, கட்டுமானம், இரண்டாவது ஏவுதளம். "உங்கம்மா ராக்கெட் வுடற எடத்துல வேல பாத்தாங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன் நெல்லூர்ப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போனதாக மட்டும் நீ சொல்லியிருக்கிறாய். நான் ஏதோ மாடி வீடுகள் என்று நினைத்திருந்தேன். எத்தனை மாடி என்றுகூடக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அட்டையை நீட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கோலியனூர் மேஸ்திரி ஒருவர் முப்பது பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும், அதில் நீ ஒருத்தி என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்துத் தளத்தில் ராக்கெட் விடும் நாளில் உங்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றித் தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அங்கே ரோட்டோரம் நின்று நீ நெருப்பைப் பார்த்தாயாம். உள்ளே பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஊருக்கு வந்தும் வாயைத் திறக்கவில்லையாம்.

"எனக்கு மட்டும் ஏம்பா சொல்லல?" என்றேன்.

"சொன்னாளே. ஒரு நாளு எல்லார் முன்னாடியும் சொன்னா. நீதான் கேக்கல."

எந்த நாள் என்று அவர் சொல்ல வேண்டி இருக்கவில்லை.

நிலாவில் சந்திரயான் இறங்கிய சாயங்காலம். எதிர்வீட்டு ஆரோக்கியம் மாமா பெரிய டிவி வாங்கியிருந்தார். தெருவே அவர் கூடத்தில் இருந்தது. நீ உள்ளே வராமல் வாசல்படியில் நின்றாய். இறங்குவதற்கு முன்னால் பழைய படங்களைக் காட்டினார்கள். சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் முனையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மாட்டு வண்டியில் செயற்கைக்கோள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருந்து எங்கே வந்துவிட்டோம் என்று டிவியில் ஒருவர் உருகினார். அடுத்து, சந்திரயான் கிளம்பிய இடத்தைக் காட்டினார்கள். அப்போதுதான் நீ சொன்னாய்.

"அந்தத் தரைக்கு இருபத்தோரு நாளு தண்ணி வுட்டோம் நாங்க. சாக்கு போட்டு, காயவே வுடாம."

நீ சொல்லி முடிப்பதற்குள் திரையில் நிலா வந்துவிட்டது. ஆரோக்கியம் மாமா கொத்தனார், பேச்சில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. "எந்தத் தரைக்கு, நிலாவுக்கா? அங்க தண்ணி கீதான்னு தேடிக்கினு கீறாங்க. ஒன்னக் கேட்டிருந்தா ஜல்தியா முடிஞ்சிருக்குமே" என்றார். கூடமே சிரித்தது. நீ இன்னும் ஏதோ சொல்ல வந்தாய். நானும் சிரித்துவிட்டு, "சும்மா இரும்மா, மானம் போவுது" என்றேன்.

கலம் இறங்கி எல்லாரும் கை தட்டியபோது திரும்பிப் பார்த்தேன். வாசல்படியில் நீ இல்லை. வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருந்தாய்.

பத்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது நீ திட்டவில்லை. விடை தெரிந்தும் எழுந்து சொல்ல மாட்டேன், பிள்ளைகள் ஊமை என்று கூப்பிட்டார்கள், அதனால் படிப்பை நிறுத்தினேன். நீ எனக்குத் தலை பின்னிக்கொண்டே, "வாயத் தொறக்கலன்னா எதிராளி சொல்றதுதான் நெசமா நிக்கும் பாப்பா" என்றாய். இப்போது விழுப்புரம் ஜவுளிக்கடையில், காட்டிக் கலைத்த புடவைகளைப் பின்னால் உட்கார்ந்து மடிக்கிறேன். அங்கே பேச வேண்டியதில்லை. மடிக்கும்போதெல்லாம் நீ சொன்னது நினைவுக்கு வருகிறது. ஆனால் எனக்குச் சொன்ன நீயே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாய். மூட வைத்தது நான்.

இன்னொன்றும் இப்போது புரிகிறது. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுக்கும்போது சில நாள் திடீரென்று நிமிர்ந்து, மணி என்ன என்று கேட்பாய். கண்ணுக்கு மேல் கையை வைத்து வடக்கே, நெல்லூர்ப் பக்கம், வானத்தைப் பார்ப்பாய். மழையைப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். மேகமே இல்லாத நாளிலும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் வருஷப் பூசைக்காகக் கல்லறைக்கு மேல் சிமெண்ட் மேடை போட்டோம். போட்டது ஆரோக்கியம் மாமாதான். நான் மணல் அள்ளிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அட்டை என் கைப்பையில் இருந்தது. மேலே பூசி முடித்து, கரணையால் கடைசியாகத் தேய்க்கும்போது அதை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன்.

"மாமா, அம்மா நிலாவுக்குத் தண்ணி வுட்டேன்னு சொல்லல. ராக்கெட் நிக்கிற தரைக்கு வுட்டாங்க."

அவர் கையைத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார். உன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினி நாளு வுட்டேன்னு சொன்னா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"இருபத்தோரு நாளு."

"இம்மாத்தூண்டு மேடைக்கு ஏழு நாளு போதும்னு சொல்ல இருந்தேன்" என்றார். அட்டையைச் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தார். "இதுக்கும் இருபத்தோரு நாளு வுடு பாப்பா."

மறுநாள் காலை நான் குடத்தோடு போனபோது மேடை மேல் புதுச் சாக்கு விரித்திருந்தது. மாமா வீட்டுச் சாக்குதான்.

இன்றைக்குப் பதினோராம் நாள். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு குடம், சாயங்காலம் வந்ததும் ஒரு குடம். நேற்று கல்லறைப் பக்கம் வந்த பக்கத்துத் தெரு அத்தை, இன்னும் எத்தனை நாள்தான் ஊற்றுவாய் என்று கேட்டார். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு முதலில் இருந்து சொன்னேன்.