பாலம் ஏறுகிற பழக்கம்

ஜூலை 10, வியாழன்

கச்சான் காற்று, வறண்ட அனல். பல்லெல்லாம் புழுதி. கரண்ட் பைக் இன்றும் மலை ஏற்றத்தில் நின்றது. அதே முந்திரி மரத்தடி. சிவப்பு லைட், அதோடு சரி.

பையில்: தராசு, பிரஷர் பார்க்கிற மெசின், விற்றமின் குளிசை, மாற்றுச் செருப்பு. எல்லாம் தோளில். நடை. மேலே போய்ச் சேர உச்சி வெயில். சசி வீட்டில் இல்லை. எட்டு மாதம், தலைப்பிள்ளை, கால் வீக்கம் வேறு.

"நீங்க வரமாட்டீங்களாக்கும் எண்டு தண்ணிக்குப் போயிட்டாள் மிஸ்ஸி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

குடத்தோடு! அந்தக் காலோடு! கீழே பின்னேரக் கிளினிக், காத்திருக்க முடியவில்லை. பார்க்காமலே இறங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

இவரோடு சண்டை. பெற்றோல் வரிசைக் காலத்தில் என்னை ஒரு சொல் கேட்காமல் என் ஸ்கூட்டியை விற்று, இந்தச் சாமானை வாங்கி வந்த மனுசன். கல்லடியிலிருந்து ரவுண் கடைத்தெருவுக்கு ஓட நல்லதுதான். மருத்துவிச்சி வேலையில் என்னை வாவிக்கு அப்பால், படுவான்கரை மலைப்பக்கத்துக்கு மாற்றுவார்கள் என்று அன்றைக்கு யார் கண்டது?

"பைக்கில பிழையில்லகா. உனக்கு ஓடத் தெரியா. கல்லடிப் பாலத்துல எப்பிடி ஏறுற? தூரத்தில இருந்தே வேகம் பிடிச்சு வாறதில்லையா? அப்பிடிப் பிடி."

அப்படித்தானே பிடிக்கிறேன்! பாலத்தைத் தவிர வேறு என்ன ஏற்றம் கண்டோம், இந்த ஊரில் பிறந்த நாங்கள்?

நாளை வந்து ஓடிக் காட்டுவாராம். வரட்டும். மீன் குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டேன். வேண்டுமென்றுதான்.

ஜூலை 12, சனி

இவர் ஓட, நான் பின்னால். தூரத்திலிருந்தே மூன்றாவது ஸ்பீட். "பார், பார்" என்று கத்தல் வேறு. முந்திரி மரம். சிவப்பு லைட்.

விறகு கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "ரவுண் ஆக்கள் எல்லாரும் இந்த மரத்தடி மட்டும்தான்."

"பற்றரி சரியில்ல" என்றார் இவர். நேற்று எனக்கு ஓடத் தெரியாது. இன்று பற்றரி.

அந்நேரம் தண்ணீர்த் தாங்கியை இழுத்தபடி லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று எங்களைத் தாண்டி ஏறியது. நடை வேகம். ஓட்டுகிறவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அடியிலிருந்தே அந்த வேகம்தான் போலும், நிற்கவே இல்லை.

அட கறுமமே. இவ்வளவு நாளும் வேகம் பிடித்தே மோட்டரைச் சூடாக்கி நிறுத்தியிருக்கிறோம்!

பைக்கை அடிவாரம் வரை உருட்டினேன். மோட்டர் ஆறும் மட்டும் இருந்தேன். பிறகு முதலாவது ஸ்பீட். நான் மட்டும். ஒரு நாய் என்னை முந்தியது. மரத்தடியில் இவர்: "பிடிகா! பிடி! நிண்டிரும்!" பிடிக்கவில்லை. நிற்கவுமில்லை.

சசிக்கு முகமும் வீங்கியிருந்தது. "தலை இடிக்குது மிஸ்ஸி, கண்ணும் மங்கலா இரிக்கி." பிரஷர் எக்கச்சக்கம், உடனே அம்புலன்ஸுக்கு போன் அடித்தேன். அம்புலன்ஸ் வரும் வரை அவள் கையை விடவில்லை. குடத்தை ஏன் தூக்கினாய் என்று திட்டிக்கொண்டேதான் பிடித்திருந்தேன். நேற்று முன்தினமே பார்த்திருக்கவேண்டிய பிள்ளை.

ஜூலை 13, ஞாயிறு

இரவே ஆபரேசனாம். பெண் பிள்ளை. தாய்க்கும் இனிப் பயமில்லை. குசினியில் நின்று அழுதேன்.

முற்றத்தில் இவர், தம்பியோடு போனில்: "பாலம் ஏறுறமாதிரிப் பிடி எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தன். மறுகா என்ன, மலையே ஏறிட்டாள்."

அகப்பையை எறிந்தேன். சுவரில்தான் பட்டது.

பின்னேரம் பிள்ளை பார்க்க ஆஸ்பத்திரிக்கு. பைக் திறப்பைக் கேட்டார். "பின்னால ஏறுங்க" என்றேன். பாலத்தில் வேண்டுமென்றே முதலாவது ஸ்பீட். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

"பிடிகா, சனம் சிரிக்குது."

"அப்ப இறங்கி நடங்க."

இறங்கவில்லை.