நான்காவது வாரம் நான் சொன்ன கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் நினைப்பு. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறேன் என்று அம்மாவுக்குப் புகார், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அவளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், வீட்டை மாடியில் பார்த்தது நான்தானாம். குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்கிறேன் என்று இறங்கினேன், கடைசியில் குழாய்க்காரர் வந்து நான் செய்ததையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

கல்லூரியில் தொழில்முனைவுப் பாடம் எனக்கு இது மூன்றாவது வருடம். மின்னணுவியல் நடத்திக்கொண்டு சும்மா இருந்தவன் தலையில் துறைத்தலைவர் இதைக் கட்டிய கதைதான் உனக்குத் தெரியுமே. பழைய சைக்கிளைக்கூட விற்கத் தெரியாமல் இனாமாகக் கொடுத்தவன், பிள்ளைகளுக்குக் கம்பெனி தொடங்கக் கற்றுக்கொடுக்கிறேன். ஆனாலும் மனசாரத்தான் நடத்துகிறேன். எதையும் செய்யத் தொடங்கும் முன் முப்பது பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும், அதிலும் இது நல்லா இருக்கா என்று மட்டும் கேட்கவே கூடாது, கேட்டால் முகத்துக்காக எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், போன தடவை என்ன செஞ்சீங்க என்று கேட்க வேண்டும், இது என் சட்டம். மீறினால் பாதி மதிப்பெண் போச்சு. இந்த வருடம் ஒரு குழு, நூலகத்தில் எந்த நாற்காலி காலி என்று போனில் காட்டும் செயலி செய்யப் போகிறோம் என்று நூலகரிடம் போய் நின்றிருக்கிறது. அவர், நாற்காலி எல்லாம் காலியா கிடக்குதேன்னுதான்ப்பா என் கவலையே என்றாராம்.

நான்காவது வாரம் வழக்கமாக உன் கதை. பல் மருத்துவமனைகளில் யாருக்கு எத்தனை மணிக்கு முறை என்று குறித்துக்கொடுக்கும் செயலியை நீயும் இரண்டு தோழிகளும் ஒரே மேசையில் தொடங்கியது, முதல் டாக்டர் உங்களை ஒரு மணி நேரம் வெளியே உட்காரவைத்தது, இன்றைக்கு நாற்பது மருத்துவமனை என்று முடிப்பேன். அந்தக் கடைசி வரி வரும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று பிள்ளைகளே கேலி செய்வார்கள். வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் கை தூக்குவதால் டவுட்டு என்றே பெயர். அவள் என் சட்டப்படியே, உங்களிடம் வாடிக்கையாளராக இருந்த ஒரு டாக்டருக்கு எழுதி விசாரித்திருக்கிறாள். பதில் வந்த பிறகு வகுப்பில் அவள் கை தூக்கவில்லை. எல்லோரும் போகும்வரை வராந்தாவில் நின்று, சார், அந்தக் கம்பெனிய மூடி ஏழு மாசமாச்சாம், க்ளாஸ்ல கேக்க வேணாம்னு தோணுச்சு என்றாள். சரிம்மா என்று மட்டும் சொன்னேன். வண்டியைக் கல்லூரியிலேயே மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலையைத் தூக்காமலே, எனக்கு அப்பவே தெரியுங்க, அப்பா க்ளாஸ்ல அவ்வளவு பெருமையா சொல்றாரு, கெடுத்துடாதம்மான்னு அவதான் என் வாயை அடைச்சா என்றாள். உன் மேல் கோபம், அவள் மேல் கோபம், பாவம் அந்த டவுட்டு மேல்கூடக் கோபம், இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் உன்னிடம் கேட்டது ஒரே கேள்வி, கம்பெனி நல்லா போகுதாம்மா. எந்தக் கேள்விக்காகப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை வெட்டுகிறேனோ அதே கேள்வி. போகுதுப்பா என்பதைத் தவிர நீ வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? என் பெருமையைக் காப்பாற்ற என் பிள்ளை ஏழு மாதம் பொய் சொல்லியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது கண்ணு, அதைவிட வருத்தமாக இருக்கிறது.

அடுத்த வகுப்பில் முதல் வேலையாக, போன வாரம் நான் சொன்னது தப்பு, அந்தக் கம்பெனி இப்ப இல்ல என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே, உன்னைக் கேட்காமல்தானே பெருமையும் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் எழுந்து, ஏன் சார் மூடினாங்க என்றான். தெரியாதுப்பா, நான் கேக்கவே இல்லை என்றேன். துறைத்தலைவருக்குத்தான் பதற்றம், புது மாணவர்களுக்குக் கொடுக்கும் விளம்பரப் புத்தகத்தில் இங்கே படித்தவள் என்று உன் படத்தைப் பெரிதாகப் போட்டு அச்சுக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கிறார், தோத்த கதைய சொன்னா பசங்க பயந்துடுவாங்க சார் என்கிறார். அது என் பொண்ணு படம், அவ சொல்லாம அச்சுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். படத்தை வைப்பதா எடுப்பதா என்று மறக்காமல் ஒரு வரி எழுது, வருகிற மாதம் அச்சு.

மற்றபடி வேளைக்குச் சாப்பிடு, அடுத்த வேலைக்கு அவசரப்படாதே, அம்மாவிடம் ரகசியம் பேசுவதை நிறுத்த வேண்டாம், அதில் எனக்கும் கொஞ்சம் இடம் கொடு. எங்கள் ஆசீர்வாதம் கம்பெனி நடந்தபோது எவ்வளவோ அவ்வளவே இப்போதும், ஒரு துளி குறையாது. வகுப்புக்காக நீ எதுவும் சொல்ல வேண்டாம், ஏன் மூடினாய் என்றும் நான் கேட்கப் போவதில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கடைசி நாள் அந்த ஆபீஸ் கதவைப் பூட்டிவிட்டு இறங்கினாயே, அப்போது உன் கூட யாராவது இருந்தார்களா, இல்லை தனியாகத்தான் வீட்டுக்குப் போனாயா?

என்றும் உன்
அப்பா