தொட்டியில் வளர்ந்த ஆரைக்கீரை

12-7-1988, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆராய்ச்சிக்காகத் தொட்டியில் வளர்த்த ஆரைக்கீரையை அத்தை பறித்துக் கூட்டு வைத்துவிட்டார். "முத்திப் போயிடுமேன்னு பறிச்சேன்மா" என்று எனக்கே முதல் கரண்டி போட்டார். சாப்பிட்டேன்.

செம்பாக்கம் ஏரியில் நான் எடுத்தது ஒரே ஒரு கொடி. தொட்டியைச் சாய்த்து, பாதிக் கொடியைத் தண்ணீரிலும் பாதியை ஈர மண்ணிலும் விட்டிருந்தேன். தண்ணீரில் நீளக் காம்போடு மிதக்கும் இலை வந்தது. மண்ணில் குட்டைக் காம்போடு நிமிர்ந்த இலை. எங்கள் தாவரவியல் துறைத் தலைவர் நம்பவில்லை. "ரெண்டு வகைச் செடி பின்னிக்கிடக்கும்மா, நல்லாப் பாருங்க" என்றார். ஒரே செடிதான் சார், இரண்டு பாதியிலும் ஜீன்கள் அதேதான் என்றேன். தண்ணீர் தேங்கினால் சில ஜீன்கள் வேலை செய்யும், வற்றினால் அவை அடங்கி வேறு சில கிளம்பும். ஏரி நிரம்பினாலும் காய்ந்தாலும் இது பிழைத்துக்கிடப்பது அதனால்தான். வெள்ளிக்கிழமை தொட்டியையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று வீம்பாகச் சொல்லியும் வைத்தேன்.

கை கழுவியதும் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். இலைதான் போயிருக்கிறது. சேற்றுக்குள் கொடி முழுசாக இருக்கிறது. அப்போதே தொட்டியை மறுபக்கம் சாய்த்தேன். தண்ணீரில் கிடந்த பாதி இப்போது மண்ணில், மண்ணில் கிடந்தது தண்ணீரில். இரண்டு பாதியும் இலையை மாற்றிப் போடட்டும், அப்புறம் சார் எதை இரண்டு வகை என்பார்? வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போய், இன்னும் ஒரு மாதம் கேட்பேன். கொடுக்காமல் விடமாட்டேன்.

அத்தை பறிக்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது. அதை மட்டும் அத்தையிடம் சொல்லப் போவதில்லை.