ரேவன் கணவாய்ப் பலகையின் தவறான வாசகம்

அனுப்புநர்:
மார்லா ஹென்ஷா,
மில் தெரு, டன்மோர், கொலராடோ.

பெறுநர்:
கோட்ட வன அலுவலர் அவர்கள்,
டன்மோர்.

பொருள்: ரேவன் கணவாய் ஜீப் தடத்திலுள்ள பலகையில், காலஞ்சென்ற வெண்டெல் கிராடி குறித்த வாசகத்தை மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஆகஸ்டில் திரு. கிராடியின் ஜீப் பள்ளத்தில் உருண்டபோது, எதிரே நின்ற வண்டி என்னுடையது. தங்கள் அலுவலகம் அங்கே நட்டுள்ள பலகை, "கண்மூடித்தனமான வேகம் இங்கே ஓர் உயிரைப் பறித்தது" என்கிறது. அது உண்மையல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அத்தடம் நீளமில்லை, ஆனால் மரங்கள் முடியும் இடத்திலிருந்து உச்சிவரை செங்குத்தாக ஏறுவது. நான் லோ கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கி வந்தார். இரு வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. ஏறுபவருக்கே வழிவிட வேண்டும் என்பது விதி. ஆயினும் எனக்குச் சற்றுக் கீழே ஒதுங்க இடமிருந்ததால், நானே வண்டியைப் பின்னால் இறக்கி ஒதுங்கிக்கொள்வதாகச் சைகை காட்டினேன். அவர் தலையை நீட்டி, "வேணாம்மா, உங்க வண்டி என் வண்டியவிட மூத்தது. மரியாதை குடுக்கணும்ல? நானே பின்னால எடுக்குறேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

3. அவர் பின்னோக்கி ஏறிய வேகம் நடைவேகம்கூட இல்லை. மழையில் ஊறியிருந்த விளிம்பு அவரது பின்சக்கரத்தின் கீழே சரிந்தது. சரளைச் சரிவில் விழுந்தெழுந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவரிடம் மூச்சில்லை. இதை அன்றே வந்த ஊழியர்களிடம் கூறினேன். பலகை எழுதியவருக்கு அது எட்டவில்லை போலும்.

4. விதி என் பக்கம் இருந்தது என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். அவரோடு வாதாடி நானே வண்டியைக் கீழே இறக்கியிருக்கலாம் என்ற நினைப்பு என்னை விடவில்லை. அது தங்கள் அலுவலகம் தீர்க்கக்கூடியதல்ல. பலகை அப்படியல்ல.

5. சுற்றுலா வந்த சிலர் அப்பலகையருகே எடுத்த படத்தைக் கடையில் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்ததைத் திரு. கிராடியின் மனைவி லெனோரா பார்த்தார். எடுத்த சாமான்களை அங்கேயே வைத்துவிட்டு வீடு திரும்பினார். கணவர் இறந்த இடத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. நான் அழைத்தபோது, "அந்தப் பலகை நிக்கிற எடத்துக்கு நான் வரமாட்டேன், மார்லா" என்றார்.

ஆகவே, பனி தடத்தை மூடுமுன் அப்பலகையை அகற்றி, எதிரே ஏறிவந்தவருக்கு வழிவிடும்போது திரு. கிராடி உயிரிழந்தார் என்று எழுதி வைக்குமாறும், விளிம்பைக் கல்லடுக்கிப் பலப்படுத்துமாறும் வேண்டுகிறேன். அன்றைக்குப் பின் நான் அத்தடத்தில் வண்டி ஏற்றவில்லை. பலகை மாறியதாகத் தகவல் வந்தால், லெனோராவை நானே ஓட்டி அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இடம்: டன்மோர்
நாள்: செப்டம்பர் 19

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மார்லா ஹென்ஷா