விரத நாள் மாத்திரை

எதற்கும் அவசரப்படாத என் அப்பாவுக்கு,

அம்மா நேற்றுக் காலை கீரைக்காரரோடு சண்டை போட்டாள். கட்டு சிறுத்துப்போய்விட்டதாம். பாதி தமிழ், பாதி கன்னடம், ஆஸ்டின் டவுன் தெரு முழுக்கக் கேட்டது. வைட்ஃபீல்டு போகும் ஆபீஸ் வண்டியைக் கோட்டைவிட்டு, வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று உங்களுக்குத்தான் புரியும்.

நீங்கள் போன பிறகு அவள் மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிட்டாள். தலை வாருவதில்லை. கூப்பிட்டால் சுவரைப் பார்த்தபடி 'ம்' என்பாள். நான் பள்ளியில் படித்தபோது வந்த அதே மனச்சோர்வு. அன்று அவளை மீட்டுக் கொடுத்த மாத்திரையைத்தான் இன்றும் வாங்கி வைக்கிறேன். வேலை செய்யவில்லை. மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது, பவரைக் கூட்டுங்கள் அல்லது மாற்றுங்கள் என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் அசரவில்லை. வருஷக்கணக்காகக் கேட்ட மருந்து சிலருக்குக் கேட்காமல் போவது உண்டுதான் என்றார். ஆனால் தைராய்டு குறைந்தாலும் இப்படித்தான் இருக்குமாம். வேறு மருந்து ஏதாவது குறுக்கே வந்திருக்கலாம். துக்கத்தில் நோயே பெரிதாகியிருக்கலாம். அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அளவைக் கூட்டுவதா, மாற்றுவதா, இன்னொன்று சேர்ப்பதா என்று யோசிக்க வேண்டுமாம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவரோ அம்மா பக்கம் திரும்பினார்.

"தினமும் போடறீங்களாம்மா?"

"போடறேனே. விரத நாள்ல மட்டும் கிடையாது."

"ஏன்?"

"வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு இவங்கப்பா சொல்லியிருக்காரு."

திங்கள், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, அமாவாசை. எல்லாம் உங்களுக்காக, நீங்கள் போன பிறகு பிடித்த விரதங்கள். மிச்சம் எத்தனை நாள் மாத்திரை உள்ளே போயிருக்கும்? இட்லித் தட்டோடு மாத்திரையை நீட்ட நீங்கள் இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. நான் வாங்கி வைப்பதோடு சரி.

பால் குடித்துவிட்டுப் போடலாம், ஒரு நாளும் விடக்கூடாது என்றார் டாக்டரம்மா. பால் விரதத்தில் சேர்த்தி என்று அம்மாவும் ஒப்புக்கொண்டாள். ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை. அதே மாத்திரை, அதே அளவு. சில வாரங்களில் சீப்பைத் தேடினாள்.

முழுசாகச் சரியாகவில்லை, அப்பா. தூக்கம் இன்னும் துண்டு துண்டாகத்தான். அதனால் பேசி ஆற்றும் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். உங்களைப் பற்றித்தான் பேசுகிறாளாம். என்ன பேசினாய் என்றால், "உனக்கெதுக்குடா" என்கிறாள். இதுவும் போதாவிட்டால் மருந்தை மாற்றிப் பார்க்கலாமாம். இன்னும் வழி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

நேற்று வெள்ளிக்கிழமை. சண்டை முடிந்து, கையில் பால் தம்ளரோடு உங்கள் படத்துக்கு முன்னால் நின்றாள். "வெறும் வயித்துல போடாதேன்னு சொன்னீங்களே, பாலைக் குடிச்சிட்டுப் போடுன்னு இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு மாத்திரையை விழுங்கினாள்.

நல்லாயிட்டேன், நிறுத்திடலாமா என்று ஒருநாள் கேட்பாள். நானாக எதுவும் சொல்ல மாட்டேன். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

இப்போதெல்லாம் அம்மாவிடம் தினமும் திட்டு வாங்கும்,
உங்கள் மகன்