வேண்டுதல் மொட்டை

காமயகவுண்டன்பட்டி,
12.2.2004

அன்புள்ள மாமாவுக்கு,

பவுன்தாய் எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் சுகம். நம் மகள் சினேகாதான் சரியில்லை.

பொங்கலன்று தலை வாரும்போது அவள் பின்மண்டையில் காசு அகலத்துக்கு முடியே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. இப்போது அதைப்போல் மூன்று இடம். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம். போகவே மாட்டேன் என்கிறாள். ஓரகத்தி காய்ச்சிக் கொடுத்த எண்ணெய் மேல் எனக்குச் சந்தேகம். வாய்க்காலில் கொட்டிவிட்டேன். அத்தைக்கு என்மேல் சந்தேகம். திராட்சைக்கு மருந்தடிக்கும்போது பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேனாம்.

தேனியில் தோல் டாக்டரிடம் காட்டினேன். முடி வேரில் உள்ள செல்கள் வளரு, நில்லு, ஓய்வெடு என்று ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொண்டே இருக்குமாம். உடம்பைக் காக்கிற அணுக்களே ஆள் தெரியாமல் வேரைத் தாக்கினால் அந்தப் பேச்சு குழம்பி முடி உதிர்ந்துவிடுமாம். எண்ணெயும் காரணம் இல்லை, தோட்டத்து மருந்தும் காரணம் இல்லை. சில குடும்பத்தில் ஜீன் வழியாக வரும் என்றார். வேர் சாகவில்லை, மறுபடி முளைக்கலாம் என்று களிம்பு கொடுத்தார். பிறகு, அப்பா வழியில் யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்னே, "எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்கள். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று சினேகா சொன்னாள்: "அப்பா மாதிரி மொட்டை போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாதுல்லம்மா?"

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் பெண் பார்க்க வந்தபோதும் மொட்டை, கல்யாணத்திலும் மொட்டை. வருடா வருடம் வீரபாண்டி அம்மன் கோயிலில் மொட்டை. என்ன வேண்டுதல் என்று கேட்டால், சொன்னால் பலிக்காது என்பீர்கள். நானும் பக்திமான் வாய்த்தார் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். நீங்கள் குவைத்திலிருந்து அனுப்பிய போட்டோக்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மொட்டை. அங்கே எந்த அம்மனுக்கு முடி இறக்குகிறீர்கள் மாமா?

என்னிடம் மறைத்ததற்கு நாம் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது சிரைக்காமல் வாருங்கள். எங்கே முளைக்கிறதோ முளைக்கட்டும், எங்கே சொட்டையோ இருக்கட்டும். பிள்ளை தொட்டுப் பார்க்க வேண்டும். தனக்கு மட்டும்தான் இப்படி என்று அழுகிறாள்.

வீரபாண்டி ஆத்தா உங்களைத் தலைமுடியோடு பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கோபம் ஆறாத உங்கள்
பவுன்தாய்